மூன்றாவது டப்பா

அபிராமபுரம், சென்னை-18
16-1-1977

சௌ. வேம்புவுக்கு,

பொங்கல் நல்லபடியாக நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு உடம்பில் குறையொன்றும் இல்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் தன் இருப்பைத் தெரிவிக்கிறது. நாகபுரியில் குளிர் எப்படி? மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா?

புதன்கிழமை காய்கறி வண்டிக்குப் பக்கத்தில் சண்முகவடிவைப் பார்த்தேன். தி. நகர் ஜவுளிக்கடைக்காரர் மனைவியைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ இங்கே இருந்த வரையில் பாதி நாள் அவள் வீட்டில்தான் இருப்பாய். கத்திரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே, "தங்கச்சிக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுட்டுல்லா டீச்சர், இனிமே கவலையில்ல" என்றாள். நான் "ஆமாம்" என்றேன். எந்த ஆபரேஷன் என்று அவளிடமே எப்படிக் கேட்பது? கால் கிலோ வாங்கப் போனவள் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நான்கு நாளாகக் கத்திரிக்காய்தான்.

என்ன ஆபரேஷன்? எப்போது நடந்தது? இப்போது எப்படி இருக்கிறாய்? உடனே பதில் எழுது.

அக்கா
சீதா

நாகபுரி
27-1-1977

அக்காவுக்கு வேம்புவின் நமஸ்காரம்.

கோபித்துக்கொள்ளாதே. கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். டிசம்பர் மாதம், எட்டு நாள் ரயில்வே ஆஸ்பத்திரி. இப்போது எழுந்து நடமாடுகிறேன். பளு தூக்கக் கூடாது, அவ்வளவுதான். இவர் இருமலை விட்டார், வெற்றிலையை விடவில்லை.

உனக்கு எழுதியிருந்தால் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு ரயிலேறி வந்து டாக்டரை நிற்க வைத்துப் பத்துக் கேள்வி கேட்டிருப்பாய். வடிவுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஆபரேஷன் ஆயிற்று. எத்தனை நாள் கழித்துக் குனிந்து கோலம் போடலாம் என்று அவளைத்தானே கேட்க முடியும்?

மாதர் சங்கத் தேர்தல் சித்திரையில்தானே? இந்தத் தடவையும் நீதானே அதிகாரி? என் தபால் ஓட்டுக்குக் கவர் வாங்கி வைத்திருக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்
வேம்பு

அபிராமபுரம்
20-2-1977

சௌ. வேம்புவுக்கு,

கடிதம் வந்தது. குணமாகி வருவது ஆறுதல். வெளியூரில் இருப்பவர்கள் யாருக்கு என்ன எழுத வேண்டும் என்பது அவரவர் விருப்பம். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

நம் மாதர் சங்கத் தேர்தலுக்கு இந்த வருஷம் நான் அதிகாரியாக இருக்கப்போவதில்லை. காரியதரிசி பதவிக்கு நிற்கிறேன். நீ சிரிப்பாய் என்று தெரியும்.

காரணம் சொல்கிறேன். பன்னிரண்டு வருஷமாக நானே எண்ணி நானே முடிவை அறிவித்திருக்கிறேன். ஜானு, வடிவு, ஜானு, வடிவு. வக்கீலாத்து ஜானு வந்தால் வயலின் வகுப்பு, நவராத்திரிக் கச்சேரி. வடிவு வந்தால் தையல் மெஷின், நர்சரிப் பள்ளிக்கூடம். இப்போது இருவருமே மாடிப் புத்தக அறையைக் கேட்கிறார்கள். அந்த அலமாரிகள் எப்படி நிறைந்தன என்று உனக்குத் தெரியும். பாதிப் புத்தகம் என் பணத்தில் வாங்கியது.

வகுப்பில் பெண்கள் கேட்பார்கள்: "பத்துக் கட்சி இருக்கலாமே மேடம், ஏன் கடைசியில் ரெண்டே நிக்கறது?" ஓர் இடம், ஆளுக்கு ஓர் ஓட்டு, அதிகம் வாங்கியவருக்கே எல்லாம் என்றால், ஜனங்கள் தங்களுக்குப் பிடித்தவருக்குப் போட மாட்டார்கள், பிடிக்காதவர் வந்துவிடாமல் தடுக்கக்கூடியவருக்குப் போடுவார்கள் என்பேன். ஆட்கள் மாறலாம். பத்து வருஷத்துக்கு முன் நம் ஊரில் காங்கிரஸும் கழகமும் எதிரெதிரே நின்றன. இன்றைக்கு இரண்டு கழகங்கள். எதிரெதிரே நிற்கும் இடங்கள் மட்டும் இரண்டுதான். இதை இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி அலுத்துவிட்டது. ஒருமுறை நின்றுதான் பார்ப்போமே.

மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு.

அக்கா
சீதா

நாகபுரி
6-3-1977

அக்காவுக்கு நமஸ்காரம்.

சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு இது சரியாகப் படவில்லை. மூன்றாவதாக நிற்கிறவர் ஜெயிப்பதில்லை, இரண்டில் ஒருவரைத் தோற்கடிப்பதோடு சரி என்று நீதானே சொல்வாய்? ஜானுவின் ஆட்கள் கோவில் தேர் மாதிரி, அசைய மாட்டார்கள். நீ பிரிப்பது வடிவுக்கு விழவேண்டிய ஓட்டைத்தான். அவள் தோற்றால் தையல் வகுப்புக்கு மந்தைவெளியிலிருந்து நடந்து வருகிற பெண்கள் எங்கே போவார்கள்?

புத்தக அறைதான் காரணமென்றால் வடிவிடம் நேரே பேசியிருக்கலாமே. அவள் கேட்டுக்கொள்ளக் கூடியவள். உனக்கு அவளைத் தெரியாது அக்கா. பன்னிரண்டு வருஷமாக அடுத்த தெருவில் இருக்கிறாள், ஒருநாள் அவள் வீட்டில் காபி குடித்திருக்கிறாயா?

தையலிட்ட இடத்தில் சில நாள் இழுக்கிறது. வேறு தொந்தரவு இல்லை.

வேம்பு

அபிராமபுரம்
27-3-1977

சௌ. வேம்புவுக்கு,

இங்கே நான் சுகம். பாராளுமன்றத் தேர்தல் கூச்சல் ஓய்ந்து தெரு அமைதியாக இருக்கிறது. நான்கு பெரிய கட்சிகள் இருந்தும் இரண்டு அணியாகத்தான் நின்றார்கள், கவனித்தாயா?

ஜானு வந்திருந்தாள். "நீ எதுக்குடி நிக்கறே? புஸ்தகத்தை யார் தூக்கிண்டு போகப்போறா?" என்றாள். பிறகு ஊஞ்சலில் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, "நில்லு, நில்லு. பேஷா நில்லு. உன் நோட்டீஸை நானே அச்சடிச்சுத் தரேன்" என்றாள். கணக்கு அவளுக்கும் தெரிகிறது.

வடிவும் வந்தாள். தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பாட்டில் மாவடு கொடுத்தாள். "ஒங்கம்மா பக்குவமாம்லா டீச்சர், வேம்பு எழுதி அனுப்பிச்சா. சரியா வந்திருக்கான்னு நீங்கதான் சொல்லணும்." வடுவில் விளக்கெண்ணெய் தடவுவது உட்பட எல்லாம் அம்மா செய்த மாதிரியே இருந்தது. அம்மா அந்தப் பக்குவத்தை உனக்குச் சொன்ன அன்று நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. என்னிடம் அது இல்லை.

அதிகாரியாக, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பத்ரிநாராயணன் இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். தேர்தல் ஏப்ரல் 24, ஞாயிறு. உன் ஓட்டு உன் இஷ்டம். நான் யாரையும் கேட்கவில்லை, உன்னையும் கேட்கப்போவதில்லை.

அக்கா
சீதா

நாகபுரி
12-4-1977

அக்காவுக்கு,

வெயில் தொடங்கிவிட்டது. பானைத் தண்ணீர்தான் ஆகாரம். இதற்குள்ளே ஒட்டிய கவர் ஒன்று இருக்கிறது, என் ஓட்டு. பத்ரிநாராயணன் மாமாவின் விலாசம் என்னிடம் இல்லை. அவர் கையில் கொடுத்துவிடு. ஒட்டின இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதுதானே விதி?

புதுவருஷத்துக்குப் புடவை எடுத்துக்கொண்டாயா? எடுத்திருக்க மாட்டாய்.

வேம்பு

அபிராமபுரம்
26-4-1977

சௌ. வேம்புவுக்கு,

புடவை எடுத்துக்கொள்ளவில்லை. மற்றபடி சௌக்கியம்.

முடிவைச் சொல்கிறேன். ஜானு முப்பத்துநான்கு. வடிவு முப்பத்துநான்கு. நான் எட்டு. சமமானதால் சீட்டுப் போட்டார்கள். வாட்ச்மேன் கனகராஜ் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தான், ஜானு.

நம் வழக்கம் உனக்குத் தெரியும். சங்கம் ஆரம்பித்த வருஷம் சர்க்கார் தேர்தலில் ஆளுக்கொரு பெட்டி வைத்தார்கள் என்று நாமும் ஆளுக்கொரு பிஸ்கட் டப்பா வைத்தோம்; சர்க்கார் அதை விட்டு வெகுகாலமாகியும் நாம் விடவில்லை. பெயர் ஒட்டிய டப்பாக்கள் பீரோவுக்குப் பின்னால் இருக்கும். ஆளுக்கு ஒரு சோழி, மறைவாகப் போய்ப் போட வேண்டும். நான் அதிகாரியாக இருந்தபோது டப்பாவின் அடியில் பழந்துணி விரித்துவைப்பேன். ஏனென்று யாரும் கேட்டதில்லை. பத்ரிநாராயணனுக்குத் தெரியாது. போட்டியிடுகிறவள் நான் எப்படிச் சொல்வது?

காலையில் டப்பாக்களைத் துடைக்கும்போதே கனகராஜ் கேட்டான்: "டீச்சரம்மா, எப்பவும் ரெண்டுதானே? இந்த மூணாவது டப்பா இன்னாத்துக்கு? பூனைக்குப் பால் வெக்கவா?"

நிறைகிற டப்பாவில் சோழி விழுந்தால் சோழிமேல் சோழி, லேசான சத்தம்தான். காலி டப்பாவில் விழுந்தால் தகரம் கணீரென்கிறது. கூடம் முழுவதும் கேட்டது. முதல் சத்தத்துக்கே எல்லோரும் பீரோவைத் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்தவள் மேற்கு மாம்பலத்திலிருந்து வருகிற தங்கம். முகம் சிவந்துபோய் ஜானுவைப் பார்த்து ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி சிரித்தாள். பிறகு யாருக்கு அந்த டப்பாவின் பக்கம் போகத் துணிவு வரும்? எட்டுத் தடவை கணீரென்றது. உட்கார்ந்த இடத்திலிருந்தே என் ஓட்டை நான் எண்ணிவிட்டேன். அதில் ஒன்று நானே போட்டது.

புத்தக அறையில் அடுத்த வாரத்திலிருந்து வயலின்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
சீதா

(தபால் கார்டு)
நாகபுரி
5-5-1977

அக்கா, நலம். நலமறிய ஆவல் என்று எழுதுவதைவிட நேரே கேட்டுவிடுகிறேன். என் கவர் கிடைத்ததா, இல்லையா? உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லையே. எட்டில் நான் உண்டா, முப்பத்துநான்கில் நான் உண்டா? வேம்பு.

நாகபுரி
9-6-1977

அக்காவுக்கு நமஸ்காரம்.

என் கார்டுக்கு நீ போட்ட பதில் வந்தது. மாம்பழ விலை இருந்தது, விடைத்தாள் கட்டுகள் இருந்தன, சட்டசபைத் தேர்தலில் எத்தனை முனைப் போட்டி என்று இருந்தது. கவரைப் பற்றி இல்லை.

வடிவைக் கேட்டேன். தபால் ஓட்டு ஒன்றுமே வரவில்லை என்று பத்ரிநாராயணன் மாமா கூட்டத்தில் சொன்னாராம். உனக்கு நான் அனுப்பிய கடிதம் வந்திருக்கிறது. புடவைக்கு நீ பதில் எழுதியிருக்கிறாய். அதே உறைக்குள் இருந்த கவர் மட்டும் எப்படி வராமல் போகும்?

நான் கோபமாக எழுதவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வேம்பு

அபிராமபுரம்
26-6-1977

வேம்புவுக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கவர் வந்தது. என்னிடம்தான் இருக்கிறது. பிரிக்கவில்லை. 'இரு கட்சி முறை' என்று மேலே எழுதிய என் பாடக் குறிப்புக்குள் வைத்திருக்கிறேன்.

கொடுக்கத்தான் எடுத்துப்போனேன். கூட்டத்தன்று மடியில் கைப்பை, கைப்பைக்குள் கவர். காலையிலேயே கொடுத்திருக்கலாம். வடிவு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "வேம்பு நேத்து லெட்டர் போட்டிருந்தா. தையல் காஞ்சிட்டாம்" என்றாள். எனக்கு நீ அதை எழுதவில்லை. இழுக்கிறது என்று எழுதியதோடு சரி. கைப்பையை மூடினேன்.

எண்ணி முடித்ததும் முப்பத்துநான்கு, முப்பத்துநான்கு என்றார்கள். பத்ரிநாராயணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தபால் ஓட்டு ஏதாவது உண்டா?" என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார். என் விரல் கைப்பையின் கொக்கியில் இருந்தது. உள்ளே வடிவின் பெயர் இருக்கிறது என்று எனக்கு நிச்சயம். மார்ச் மாதமே நீ எழுதிவிட்டாயே, பாவம் வடிவு என்று. அதைக் கொடுத்தால் அவள் ஜெயிப்பாள். என் தங்கை கையால் ஜெயிப்பாள், அதுவும் என் கையால் கொடுத்து. கொக்கியை நான் திறக்கவில்லை. கனகராஜ் சீட்டை எடுத்தான்.

போன வாரம் தையல் மெஷின்களைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் பாதித் தைத்த ரவிக்கையை மெஷினிலிருந்து உருவிக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்த பிறகுதான் உன் கடிதத்துக்கு உண்மையான பதில் எழுதுவது என்று தீர்மானித்தேன். எழுத ஒரு வாரம் ஆயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேர்தல் முடிந்ததிலிருந்து ஒவ்வொருவராக வந்து, "மாமி, உங்களுக்குத்தான் போடணும்னு இருந்தேன், மத்தவா யாரும் போட மாட்டாளேன்னு விட்டுட்டேன்" என்கிறார்கள். இதுவரை பத்தொன்பது பேர், இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறக்குறைய சரிபாதி. அவர்கள் சொல்வது நிஜமானால் நான் ஜெயித்திருக்க வேண்டும். இந்த மாதம் சட்டசபைத் தேர்தலில் நான்கு முனைப் போட்டி நடந்தது. மூன்றாவதும் நான்காவதுமாக வந்தவர்கள் நிறைய ஓட்டு வாங்கியும் சொற்ப இடம்தான். அவர்களிடமும் இப்படி எத்தனை பேர் போய்ச் சொன்னார்களோ.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

சீதா

நாகபுரி
17-8-1977

அக்காவுக்கு,

ஏழு வாரம் பதில் எழுதாமல் இருந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தால் கோபம் வந்தது, அதனால் எழுந்துவிட்டேன். இவர்தான், "உங்கக்கா பொய் சொல்லத் தெரியாம மாட்டிண்ட ஆசாமி, விடு" என்றார்.

வடிவு ஏப்ரல் முதல் வாரம் எனக்கு எழுதியதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"ஏளா வேம்பு, ஒங்கக்கா நிக்காங்க. பத்து ஓட்டுகூட விழாதுன்னு எல்லாரும் பேசிக்கிடுதாங்க. படிச்ச பொம்பள, வெளிய சொல்ல மாட்டாங்க, மனசுக்குள்ளயே வச்சு மறுகிடுவாங்க. நீ எனக்குப் போடாத. கூடப்பொறந்தவ ஓட்டும் விழலன்னா நல்லாவா இருக்கும்? எனக்கு ஒண்ணு கொறஞ்சா என்ன வந்துரப்போவுது?"

கவரைப் பிரித்துப் பார்.

வேம்பு

அபிராமபுரம்
28-8-1977

சௌ. வேம்புவுக்கு,

நீ சுகமாக இருப்பதாக எழுதியதைத்தான் முதலில் இரண்டு தடவை படித்தேன்.

பிரித்தேன். கொட்டை எழுத்தில் என் பெயர். நான் ஒளித்துவைத்தது என் ஓட்டைத்தான். எட்டு ஒன்பதாகியிருக்கும், வேறு எதுவும் மாறியிருக்காது. வடிவைத் தோற்கடித்தது நானென்று நான்கு மாதம் தூக்கமில்லாமல் இருந்தேன். அவளைத் தோற்கடித்தது அவள் எழுதிய கடிதம். வழக்கம்போல் நீ அவளுக்கே போட்டிருந்து, நானும் அதைக் கொடுத்திருந்தால் முப்பத்தைந்து.

இருபத்திரண்டு வருஷமாக ஓட்டு முறையைக் குற்றம் சொல்லிப் பாடம் நடத்தினேன். முறை பாதிக் காரணம்தான். அந்தப் பத்தொன்பது பேரும் தங்களுக்கு என்ன வேண்டும் என்று பார்க்கவில்லை. பக்கத்தில் இருப்பவள் என்ன செய்வாள் என்று ஊகித்து அதற்குத் தக்கபடி நடந்தார்கள். பக்கத்தில் இருந்தவளும் இவர்களை ஊகித்துக்கொண்டிருந்தாள். அவர்களைச் சொல்ல எனக்கு வாயில்லை. கையில் இருந்த கவரைப் பிரிக்காமலேயே உள்ளே யார் பெயர் என்று நிச்சயம் செய்தவள் நான்.

நேற்றுச் சாயங்காலம் வடிவு வீட்டுக்குப் போனேன். கவரைக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். சீட்டை எடுத்துப் படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்; முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரிப்பு.

"நல்லாருக்கு டீச்சர் ஒங்க கூத்து. நான் விட்டுக்குடுத்த ஓட்ட நீங்க ஒளிச்சு வச்சிருக்கீக. ஜானு மாமிக்கு நாம ரெண்டு பேரும் சேந்துல்லா மால போட்டிருக்கோம்."

"என்மேல் உனக்குக் கோபம் வரவில்லையா?" என்றேன்.

"வராம என்ன? அந்தப் பொண்ணுங்க மெஷின் இல்லாம வீட்ல ஒக்காந்திருக்குல்லா. கோவம் இருக்கு. அதுக்காவ வந்தவங்களுக்குக் காபி குடுக்காம இருக்க முடியுமா?" என்று உள்ளே போனாள். திரும்பி வந்ததும், "அடுத்த வருசம் தனியா நிக்காதீங்க. எங்கூட வந்துருங்க. புத்தக ரூம் ஒங்களுக்கு, மெஷின் எல்லாம் கீழ. எட்டுப் பேரு வந்தா போதும், நமக்கு ஜெயம்" என்றாள்.

சரி என்றேன். மூன்றாவது கட்சி இப்படித்தான் முடியும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு நல்ல காபியோடு முடியும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை. அடுத்த சித்திரைக்கு இரண்டு டப்பா போதும் என்று கனகராஜிடம் சொல்லிவிட்டேன். இரண்டுக்கும் அடியில் துணி நான் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவள் காபி கலக்கப் போயிருந்தபோது அலமாரியைப் பார்த்தேன். மாவடு ஜாடிக்குப் பக்கத்தில் உன் கடிதங்களைப் புடவைக் கரையால் கட்டி வைத்திருக்கிறாள். என்னிடம் இருக்கிற கட்டைவிட அது தடிமன். அவள் நல்லவள் என்று இப்போது தெரிகிறது. தெரிந்தும் அந்தக் கட்டைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். அவளுக்கு எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. உடம்புக்கு ஏதாவது வந்தால் எனக்கு முதலில் எழுது. அவளுக்கு மறுநாள் தபாலில் போடு.

மாவடுப் பக்குவத்தையும் அனுப்பு. நீயே எழுதி அனுப்பு. அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லாதே.

அக்கா
சீதா